பாவாடையும் ஆணியடித்த பூட்ஸும்: லத்தீனோ பிள்ளைகளுக்கு நாடகம் எழுதுவது எப்படி?

கேள்வி: அரிசோனாவில் சாண்ட்லரில் வசிக்கும் தமிழ்ப் பெண் நான். இங்கே ஒரு பள்ளியில் மாலை நேர நாடக வகுப்புக்கு உதவியாளராகப் போகிறேன். 9 முதல் 12 வயது லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழிவந்த) பிள்ளைகள், பெரும்பாலும் மெக்சிகோ வழிக் குடும்பங்கள். பையன் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற கட்டுப்பாடுகள், தன்னைத் தானாகக் காட்டிக்கொள்வது ஆகியவை பற்றி அவர்களுக்காக 45 நிமிட நாடகம் ஒன்று எழுத ஆசை. வெளியாளான நான் எழுதலாமா? எங்கே தொடங்குவது?

பதில்:

எழுதலாம், தாராளமாக. ஆனால் ‘அடையாளம்’, ‘பாலினம்’ என்ற சொற்களை எதிரே வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்தால் பள்ளி விழாவில் வாசிக்கும் உரைதான் வரும். பத்து வயதுப் பிள்ளை அடையாளத்தைத் தேடி அலைவதில்லை. அதற்கு ஒரு முகமூடி வேண்டும், ஒரு பாட்டைப் பாட வேண்டும், ஒரு உடையைப் போட்டுப் பார்க்க வேண்டும். நாடகம் அந்தக் குறிப்பான ஆசையில்தான் பிறக்கிறது.

இந்தத் துறையில் நான் மதிக்கும் நாடகங்களில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். ஒன்று, பிள்ளையைத் தடுப்பவர் அந்தப் பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருப்பவர். இரண்டு, பிள்ளை தன் மரபை விட்டு ஓடப் பார்ப்பதில்லை, அதன் நடுவில் போய் நிற்க ஆசைப்படுகிறது. இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் உங்கள் நாடகம் பாதி எழுதியாகிவிட்டது என்பேன்.

ஆல்வரோ சார் ரியோஸ் எழுதிய ‘லூச்சாடோரா!’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மில்வாக்கியில் உள்ள ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்ற குழந்தைகள் நாடகக் குழுவுக்காக எழுதப்பட்டு 2015-ல் மேடையேறியது. 1960களின் டெக்சாஸில் வளரும் லூப்பிட்டா என்ற சிறுமி, அப்பா மறைத்து வைத்திருந்த மல்யுத்த வாழ்க்கையைக் கண்டுபிடித்து, தானும் முகமூடி போட்டுக் களத்தில் இறங்குகிறாள். சீனத்து மூலான் கதையைத் தழுவியதுதான், ஆனால் அது நிற்கும் மண் லூச்சா லீப்ரே என்ற மெக்சிகோவின் முகமூடி மல்யுத்தம். அங்கே முகமூடி வெறும் வேஷம் இல்லை. எல் சாண்டோ என்ற மாபெரும் மல்யுத்த வீரரை 1984-ல் வெள்ளி முகமூடியோடுதான் புதைத்தார்கள். அதே மெக்சிகோ நகரில் பெண்கள் மல்யுத்தம் செய்ய 1986 வரை தடை இருந்தது. அதனால் முகமூடிக்குள் ஒரு பெண் பிள்ளை என்பது சும்மா கற்பனை இல்லை. உண்மையிலேயே மூடிக்கிடந்த கதவு அது.

மெக்சிகோவின் பாரம்பரியக் குழு இசையான மரியாச்சியிலும் இதே கதைதான். ராக்ஸன் ஷ்ரோடர்-ஆர்சே எழுதிய ‘மரியாச்சி கேர்ள்’ நாடகத்தில் கார்மென்சீட்டா என்ற சிறுமிக்கு அப்பாவைப் போல மரியாச்சி பாட ஆசை. அப்பாவுக்கோ அது ஆண்களின் இசை. ஹொசே குருஸ் கோன்சாலெஸின் ‘அமெரிக்கன் மரியாச்சி’ 2018-ல் டென்வரில் மேடையேறியது. அது குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்டது இல்லை, இருந்தாலும் நீங்கள் படித்தே ஆகவேண்டும். 1970களில் ஒரு பெண், நினைவு மங்கிப்போன தன் அம்மாவுக்காக ஒரே ஒரு பாட்டை வாசித்துக் காட்ட விரும்புகிறாள். அந்தப் பாட்டைக் கேட்டால் அம்மா ஒரு கணம் திரும்பி வருகிறாள். அதற்காகப் பெண்கள் மட்டுமே உள்ள மரியாச்சிக் குழு ஒன்று உருவாகிறது. அந்தப் பெண் மேடையில் சமத்துவம் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அம்மாவுக்காக ஒரு பாட்டு என்ற சின்ன ஆசை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸின் புகழ்பெற்ற பெண்கள் குழுவான மரியாச்சி ரெய்னா தொடங்கப்பட்டது 1994-ல்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து எழுதுபவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு, கவனமாக இருங்கள். ‘இந்தப் பண்பாடு ஆண் திமிர் பிடித்தது, பிள்ளை அதிலிருந்து தப்பித்து அமெரிக்கச் சுதந்திரத்துக்கு வருகிறது’ என்று கதை தானாக ஓடும். அந்த நாடகத்தைப் பார்க்கும் பையன், தான் தானாக இருக்க வேண்டுமானால் அப்பாவின் மொழியையும் பாட்டியின் சமையலையும் விட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். அது பொய், அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமையும்கூட. லூச்சா லீப்ரேயிலேயே எக்ஸோட்டிகோ என்ற மல்யுத்த வீரர்கள் 1940களிலிருந்து இருக்கிறார்கள். மினுமினுப்பான உடை, பெண்மை கலந்த நடை என்று களத்துக்கு வருபவர்கள் அவர்கள். எல் பாசோவில் பிறந்த கஸாண்ட்ரோ அப்படி வந்து, தான் ஓரினச் சேர்க்கையாளர் என்பதை மறைக்காமல் பட்டம் வென்றவர். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் உள்ள ஹூச்சிட்டானில், சபோடெக் என்ற பழங்குடி மக்களிடையே, ஆணாகப் பிறந்து பெண்மையோடு வாழ்பவர்களுக்கு மூஷே என்று ஒரு பாலின அடையாளமே காலம்காலமாக இருக்கிறது. கேலியும் வன்முறையும் இவர்களுக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பண்பாட்டுக்குள்ளேயே இவர்களுக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது என்பது உங்கள் நாடகத்தின் காற்றில் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு மிக அருகில் வரும் நாடகம் கேப்ரியல் ஜேசன் டீன் எழுதிய ‘த ட்ரான்ஸிஷன் ஆஃப் டூடுல் பெக்கென்யோ’. ஹாலோவீன் நாள். புது அடுக்ககத்துக்குக் குடிவந்த டூடுலுக்கு, வாலென்சியா என்ற கற்பனை ஆடுதான் துணை. அந்த ஆடு ஸ்பானிஷும் பேசும். பக்கத்து வீட்டு ரெனோ பெண்பிள்ளைகளின் உடை போட விரும்புகிறவன். அதற்காக மற்ற பிள்ளைகள் அவனைச் சீண்டுகிறார்கள், ‘கே’ (ஓரினச் சேர்க்கையாளர்) என்ற ஆங்கிலச் சொல்லை வசையாக வீசுகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது இரண்டு தேர்வுகள். ஹாலோவீன் அன்று யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம், அதனால் ‘இன்றைக்குச் சரி என்றால் நாளைக்கு ஏன் தப்பு?’ என்ற கேள்வி யாரும் கேட்காமலே மேடையில் நிற்கிறது. இன்னொன்று, கதையின் மையத்தில் இருப்பவன் டூடுல். பாவாடை போட்ட பிள்ளையின் பக்கத்தில் நிற்பதா, கூட்டத்தோடு போவதா என்று முடிவெடுக்க வேண்டியவன் அவன். அரங்கத்தில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளின் நிலை அதுதானே? சீண்டப்படுபவனின் வலியை மட்டும் காட்டினால் அவர்கள் பரிதாபப்படுவார்கள், அவ்வளவுதான். டூடுலின் இடத்தில் உட்கார வைத்தால், மறுநாள் விளையாட்டு மைதானத்தில் தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

சரி, உங்கள் நாடகத்துக்கு வருவோம். அரிசோனாவில் இருக்கிறீர்கள், அங்கே ஃபோல்க்லோரிகோ என்ற மெக்சிகோ நாட்டுப்புற நடனத்துக்கு வகுப்பு இல்லாத மெக்சிகோ வழிக் குடியிருப்பைப் பார்ப்பது கடினம். நான் எழுதுவதாக இருந்தால் அதிலிருந்துதான் தொடங்குவேன். அதில் ஒரு வகையான, மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநில நடனத்தில் பெண்கள் அணியும் பாவாடை எவ்வளவு பெரியது என்று பார்த்திருப்பீர்கள். ரிப்பன்கள் வரிவரியாகத் தைத்து, இரு கைகளையும் முழுதாக விரித்தாலும் துணி மிச்சம் இருக்கும். அதைச் சுழற்றுவது தனிக் கலை. ஆண்களுக்குச் சார்ரோ எனும் மெக்சிகோ குதிரை வீரர்களின் உடை, முனையிலும் குதிகாலிலும் ஆணி அடித்த பூட்ஸ். மரத்தளத்தில் அந்த ஆணிகள் எழுப்பும் தாளம்தான் நடனத்தின் உயிர்.

பத்து வயதுப் பையன் ஒருவன். பேட்டோ என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்குக் காய்ச்சல். அத்தை பாவாடையின் ஓரம் மடித்துத் தைக்க வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு நிற்க ஆள் இல்லை. அக்கா உயரமே இருக்கிறான், ‘மிஹோ (மகனே), இங்கே வந்து நில்லு’ என்று அத்தை அவனை முக்காலியில் ஏற்றிவிடுகிறாள். அவன் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறான். துணி காற்றில் எழுகிறது. வசனம் எதுவும் வேண்டாம். அவன் முகம் போதும், ரிப்பன்களின் சரசரப்பு போதும்.

அடுத்து அப்பா வருகிறார். கூரை வேலை பார்ப்பவர், ஃபீனிக்ஸ் வெயிலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறார். அவர் கத்தினால் நாடகம் அங்கேயே செத்துவிடும். சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் திறக்கட்டும். உள்ளே பூட்ஸ். அடுத்த வருடமும் போடட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கியிருக்கிறார். ஊரில் திருவிழாவில் தான் ஆடிய அடவுகளை மகனுக்குச் சொல்லித்தரப்போகிறார். திரும்பிப் போக முடியாத ஊரிலிருந்து அவர் கொண்டுவந்தது அந்த அடவுகள் மட்டும்தான். இப்போது தடையாக நிற்பது ஒரு பரிசு. அதை எப்படி வேண்டாம் என்று சொல்வான்? இங்கிருந்து பார்வையாளர்கள் இரண்டு பேருக்காகவும் தவிப்பார்கள்.

நடுவில் ஒரு பள்ளிக் காட்சி வையுங்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் சரியாக வராது, ஆசிரியைக்கு ஸ்பானிஷ் வராது. மொழிபெயர்க்க வேண்டியவன் பேட்டோ. இது இந்தக் குடும்பங்களில் தினமும் நடப்பது. ஆஸ்பத்திரியில், வாடகை வீட்டுக்காரரிடம், வங்கியில் பிள்ளைகள்தான் பெற்றோருக்கு வாய். ஆசிரியை நல்ல மனதோடுதான் சொல்கிறார்: ‘ஒத்திகையில் உங்கள் பையன் பாவாடை சுழற்றுவதைப் பார்த்தேன், எவ்வளவு அழகு!’ அப்பா மகனைப் பார்க்கிறார், என்ன சொன்னார்கள் என்கிறார். அந்த வாக்கியத்தை மாற்றிச் சொல்வதா, அப்படியே சொல்வதா? அரங்கத்தில் உள்ள பிள்ளைகளில் பலர் இந்த நிலையில் நின்றவர்கள், அவர்கள் மூச்சுவிட மாட்டார்கள்.

முடிவுக்கான வழி அந்த நடனத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹலிஸ்கோ நடனத்தில் பெண்களும் காலால் தாளம் போடுகிறார்கள், அவர்கள் காலணியிலும் ஆணி உண்டு. பாவாடை மறைத்துக்கொண்டிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, காதுக்குத் தெரியும். அப்பா சொல்லித்தந்த அடவுகளைப் பாவாடைக்குள்ளேயே பேட்டோ ஆடலாம். அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டு அடையாளம் கண்டுகொள்ளலாம். உடனே கட்டிப்பிடித்து அழ வைக்காதீர்கள். அவர் காலும் லேசாகத் தாளம் போடத் தொடங்குகிறது என்ற அளவில் நிறுத்துங்கள். ஏனென்றால் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் அப்பா இவ்வளவு சீக்கிரம் மாறமாட்டார். அந்தப் பிள்ளைக்கு உங்கள் நாடகம் நிறைவேறாத வாக்குறுதி தரக்கூடாது. அதற்குப் பதில் அத்தையை வலுவாக எழுதுங்கள். முழு வீடும் மாறாவிட்டாலும் பக்கத்தில் நிற்க ஒருவர் கிடைப்பார் என்பதை ஒரு பிள்ளை நம்பலாம்.

மொழி விஷயத்தில் தயங்காதீர்கள், ஸ்பானிஷை உள்ளே விடுங்கள். ஒருவர் ஸ்பானிஷில் சொன்னதை அடுத்தவர் உடனே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும் வசனம் வேண்டாம். பிள்ளைகளுக்கே அது அலுப்பு. ‘உட்கார்’ என்று பாட்டி சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டால் மொழி தெரியாதவனுக்கும் புரியும். பாதி புரிந்தால்கூட நல்லதுதான். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளை ஒரு நிமிடம் திணறட்டும், ஸ்பானிஷ் தெரிந்த பிள்ளை மற்றவர்களுக்கு முன்பே சிரிக்கட்டும். அந்தப் பள்ளியில் அவன் முதலாவதாக இருக்கும் இடம் அதுவாக இருக்கலாம். லீசா லூமர் எழுதிய ‘போக்கோன்!’ என்ற நாடகத்தையும் பாருங்கள். வாய் ஓயாத ஒரு மத்திய அமெரிக்கச் சிறுவன், ராணுவம் பெற்றோரைப் பிடித்துக்கொண்டு போனதும் குரலை இழக்கிறான். தன் வெளிப்பாடு என்றால் என்ன என்பதை ஒரு விளக்கமும் இல்லாமல் காட்டும் நாடகம் அது.

லத்தீனெக்ஸ் என்ற சொல்லைப் பற்றி நீங்கள் குழம்பக்கூடும். ஆண், பெண் என்று பிரிக்காமல் எல்லோரையும் சுட்டுவதற்காக வந்த சொல், பல்கலைக்கழகங்களிலும் நாடக வட்டாரத்திலும் நன்றாகப் புழங்குகிறது. ஆனால் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், தங்களை அப்படி அழைத்துக்கொள்வதாகச் சொன்ன ஹிஸ்பானியப் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த) பெரியவர்கள் 4 சதவீதம்தான். அறிவிப்புச் சீட்டில் நீங்கள் எதை வேண்டுமானாலும் போடுங்கள். பேட்டோவின் பாட்டி வாயில் மட்டும் வைக்காதீர்கள். அவள் தன்னை ஹலிஸ்கோக்காரி என்றுதான் சொல்வாள்.

வேஷத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1965-ல் கலிஃபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லூயிஸ் வால்டெஸ் தொடங்கிய எல் டியாத்ரோ கம்பெசீனோ என்ற நாடகக் குழு, லாரியின் பின்தட்டையே மேடையாக்கி நாடகம் போட்டது. கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டால் அவர் முதலாளி, அல்லது தொழிலாளி. ஆரம்பகால நாடகம் ஒன்றில் முதலாளியும் தொழிலாளியும் விளையாட்டாக இடம் மாற்றிக்கொள்கிறார்கள். முகமூடியும் சுருட்டும் கை மாறியதும் அதிகாரமும் மாறிவிடுகிறது, அசல் முதலாளியை யாரும் நம்புவதில்லை. பிள்ளைகளோடு இதைப் பயிற்சியாகச் செய்து பாருங்கள். தொப்பி, சால்வை, பூட்ஸ், பாவாடை என்று நாலு பொருளை நடுவில் வைத்து யார் எதை எடுத்தாலும் அதற்கேற்ப மற்றவர்கள் நடத்த வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் யோசித்திராத காட்சிகள் கிடைக்கும்.

ஆனால் பிள்ளைகளிடம் ‘உன் வீட்டுக் கதையைச் சொல்’ என்று மட்டும் கேட்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். குடியுரிமைக் காகிதம் இல்லாத பெற்றோர் இருக்கலாம், அதைப் பிள்ளை வெகுளித்தனமாக எல்லோர் முன்னும் சொல்லிவிடலாம். தன்னைப் பற்றி வீட்டில் இன்னும் சொல்லாத ஒன்றை வகுப்பில் சொல்லும் பிள்ளையும் இருக்கலாம். கற்பனைப் பாத்திரத்துக்கு என்ன நடக்கும் என்று கேளுங்கள், அதிலேயே வேண்டியது எல்லாம் வரும். அதேபோல, பாவாடைப் பையன் வேடத்தை ‘அவன் கொஞ்சம் அப்படித்தான் இருப்பான்’ என்று மற்றவர்கள் கிசுகிசுக்கும் பையனுக்குக் கொடுக்காதீர்கள், அவனே வந்து கேட்டால் ஒழிய. மேடையில் நடப்பதை வைத்து மைதானத்தில் அவனைச் சீண்டுவார்கள்.

அனுமதி விஷயம். அரிசோனாவில் 2010-ல் வந்த ஒரு சட்டத்தால் டூசான் பள்ளிகளில் மெக்சிகன்-அமெரிக்க வரலாறு, இலக்கியம் சொல்லித்தந்த வகுப்புகள் 2012-ல் நிறுத்தப்பட்டன. 2017-ல்தான் கூட்டாட்சி நீதிமன்றம், அந்த நடவடிக்கைக்குப் பின்னால் இருந்தது இனவெறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஃப்ளோரிடாவில் 2022-ல் வந்த சட்டம் முதலில் 3-ஆம் வகுப்பு வரையும், அடுத்த ஆண்டு 8-ஆம் வகுப்பு வரையும் பாலின அடையாளம் பற்றிய பாடங்களைத் தடுத்தது. அதனால் பள்ளி முதல்வர்கள் பயப்படுவது புரிந்துகொள்ளக்கூடியது. பிரதியை முன்கூட்டியே கொடுங்கள். பெற்றோரை ஓர் ஒத்திகைக்கு அழையுங்கள், ஸ்பானிஷில் எழுதிய அழைப்போடு. ‘பாலினம் பற்றிய நாடகம்’ என்று கேட்டால் முகம் சுளிப்பவர், அப்பா வாங்கி வைத்த பூட்ஸைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சுவதை ஒத்திகை அறைகளில் பார்த்திருக்கிறேன்.

மேடை என்று ஒன்று இருக்காது, சாப்பாட்டுக் கூடம்தான் இருக்கும். விளக்கை அணைக்க முடியாது, நடுவில் மணி அடிக்கும். ஆணி பூட்ஸோடு கூடத்துத் தரையில் ஏற விடமாட்டார்கள், எனவே தரீமா என்று சொல்லும் மரப்பலகை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள், ஒரு வேனில் ஏறும் அளவில். சத்தமும் நன்றாக வரும்.

வெளியாள் என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தனியாக எழுதாதீர்கள், அவ்வளவுதான். ஹலிஸ்கோ நடனம் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவரையோ, ஸ்பானிஷ் பேசி வளர்ந்த எழுத்தாளர் ஒருவரையோ உங்களோடு இணைந்து எழுதுபவராகச் சேர்த்து, பெயரையும் போடுங்கள். நன்றி பட்டியலில் ஓர் ஓரத்தில் வைப்பது போதாது. உங்கள் பக்கத்து ஊரான டெம்பியில் சைல்ட்ஸ்ப்ளே என்ற நாடகக் குழு இருக்கிறது, 1977 முதல் பிள்ளைகளுக்காக நாடகம் போடுபவர்கள். பள்ளிகளுக்காக அவர்கள் போடும் ஒரு நாடகத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். மேடையைவிட இருக்கைகளை அதிகம் கவனியுங்கள். ஹொசே காசஸ் தொகுத்த ‘பலாப்ராஸ் டெல் சியேலோ’ என்ற நாடகத் தொகுப்பு 2018-ல் வந்தது, லத்தீனோ குழந்தைகள் நாடகங்களுக்கு நல்ல வாசல் அது. அதோடு ஹொசஃபீனா லோபெஸ் 17 வயதில் எழுதிய ‘சிம்ப்ளி மரியா’வையும் படித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளைவிடச் சில வயதே மூத்த ஒரு பெண், திருமணம் என்ற கனவு கெட்ட கனவாக மாறுவதை என்ன துணிச்சலோடு மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று தெரியும். வாஷிங்டனில் காரென் சகாரியாஸ் 1995-ல் தொடங்கிய யங் ப்ளேரைட்ஸ் தியேட்டர், பிள்ளைகளையே நாடகம் எழுத வைப்பதைத்தான் முக்கிய வேலையாகச் செய்துவருகிறது.

உங்கள் முதல் வரைவு முடிந்ததும் பெரியவர்களிடம் காட்டுவதற்கு முன் அந்த வகுப்புப் பிள்ளைகளிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்க வேண்டாம், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அப்பா பெட்டியைத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, ‘இப்போது பேட்டோ என்ன செய்வான்?’ என்று கேளுங்கள். அவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டால் அந்தக் காட்சி சரியாக இருக்கிறது. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் அப்பாவை இன்னும் அன்பானவராகத் திருத்தி எழுதுங்கள்.